ஒரே நாளில் எழ வேண்டிய புரட்சி, ஏன் ஒவ்வொன்றாக விழுந்தது? திண்டுக்கல் கூட்டணி சொல்லும் நெட்வொர்க் பாடம்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில் அய்யலூர் வந்தால் பல வண்டிகள் தானாக வேகத்தைக் குறைக்கும். காரணம் வண்டிக் கருப்பணசாமி கோயில். லாரி டிரைவர்களும் புது வண்டி வாங்கியவர்களும் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். வியாழக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை வேறு. சுற்றுவட்டார கிராமங்களின் ஆடு, கோழி எல்லாம் இங்கே வந்து கைமாறும்.

அதாவது, அய்யலூர் ஒரு வழித்தட ஊர். ஒரு பக்கம் மணப்பாறை, மறுபக்கம் சுமார் 25 கி.மீ. தூரத்தில் திண்டுக்கல். இடையில் மலைகளும் காடுகளும்.

இந்த மேப்பை மனசுல வச்சுக்குங்க. ஏனென்றால் 225 ஆண்டுகளுக்கு முன்பு, மணப்பாறையில் இருந்த ஒருவரும் திண்டுக்கல்லுக்கு மேற்கே விருப்பாச்சியில் இருந்த ஒருவரும் ஒரே ரகசியத் திட்டத்தில் பங்காளிகள். அந்த ரகசியம் மைசூர் வரைக்கும், மலபார் வரைக்கும் போனது. போன் கிடையாது, தந்தி கிடையாது, ரயில் கிடையாது. ஆள் நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் குதிரை ஓட வேண்டும்.

அந்தத் திட்டம் தோற்றது. 'யாரோ காட்டிக்கொடுத்தார்கள், அதனால் தோற்றது' என்றுதான் நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் இதை ஒரு நெட்வொர்க்காகப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

திண்டுக்கல் கூட்டணி என்றால் என்ன?

மதுரை நாயக்கர் ஆட்சியில் உருவான பாளையப்பட்டு முறையில், ஒவ்வொரு பாளையக்காரரும் தன் பகுதியில் வரி வசூலிப்பார், காவல் பார்ப்பார், படை வைத்திருப்பார். மேலே இருக்கும் அரசுக்குக் கப்பம் கட்டுவார். திண்டுக்கல் சீமையில் மட்டும் விருப்பாச்சி, கன்னிவாடி, இடையகோட்டை, ஆயக்குடி, பழனி, நிலக்கோட்டை, எரியோடு எனப் பல பாளையங்கள் இருந்தன.

திண்டுக்கல் மலைக்கோட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இந்தச் சீமையில் பெரிய ஆள். 1755-ல் மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கே வந்தவர் ஹைதர் அலி. பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிப் படையை அவர் கட்டி எழுப்பத் தொடங்கியது இந்தக் கோட்டையில்தான். பிறகு கோட்டை பலமுறை கைமாறியது. 1790-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பிடித்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை முறைப்படி கம்பெனி வசம் போனது.

கம்பெனி வந்ததும் வரிக் கணக்கு மாறியது. அதுவரை பேரம் பேசிக் கட்டிய கிஸ்தி, இப்போது கலெக்டர் நிர்ணயித்த தொகையாக, தவணை தவறாமல் கட்ட வேண்டிய கடனாக ஆனது. காவல் உரிமைக்கும் ஆபத்து. இந்தப் பின்னணியில்தான் விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் கூட்டணி உருவாகிறது. மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோர் அதன் முக்கிய உறுப்பினர்கள்.

மூன்று ஊர்களையும் மேப்பில் குறித்துப் பாருங்கள். மணப்பாறை, திருச்சி வழியில். விருப்பாச்சி, பழனி வழியில். தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியில். திண்டுக்கல் கோட்டைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும் மூன்று வழிகளில் மூன்று ஆட்கள். கோட்டை கம்பெனியிடம் இருந்தாலும், கோட்டைக்கு வரும் பாதைகள் இவர்களுடைய கண்பார்வையில்.

இந்த நட்பு எங்கே தொடங்கியது?

எந்த நெட்வொர்க்கும் ஒரே நாளில் உருவாவதில்லை. விருப்பாச்சியையும் சிவகங்கையையும் இணைத்த கோடு, 1800-க்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

1772-ல் காளையார்கோவிலில் நடந்த தாக்குதலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் மகளோடு தப்பி வந்து சேர்ந்த இடம் விருப்பாச்சி. தளவாய் தாண்டவராயரும் மருது சகோதரர்களும் அவர் பக்கம் நின்றார்கள். அடுத்த 8 ஆண்டுகள் விருப்பாச்சிதான் நாடுகடந்த சிவகங்கை அரசின் தலைமையகம் மாதிரி.

இங்கே கல்விக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. வேலு நாச்சியார் வாள், வளரி, சிலம்பம், குதிரையேற்றம் கற்றவர் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு உருது, பிரெஞ்சு, ஆங்கிலம் தெரியும் என்பதைச் சும்மா ஒரு கூடுதல் தகுதி போலக் கடந்துவிடுவோம். உண்மையில் அவருடைய பெரிய ஆயுதம் அதுதான். 5,000 காலாட்படை, 5,000 குதிரைப்படை கேட்டு ஹைதர் அலிக்குத் தாண்டவராயர் கடிதம் எழுதினார். பிறகு வேலு நாச்சியாரே ஹைதரிடம் உருதுவில் தன் நிலைமையை விளக்கினார். இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. திண்டுக்கல் கோட்டையின் தளபதிக்கு உதவி செய்யச் சொல்லி ஹைதரின் உத்தரவு போனது. 1780-ல் சிவகங்கை திரும்பக் கிடைத்தது.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். புதுத் தகவலும் புது வாய்ப்பும் பெரும்பாலும் தூரத்துப் பழக்கத்தில் இருந்துதான் வரும் என்பது அதன் சாரம். வேலை தேடும்போது லிங்க்ட்இன்-ல் முகம் தெரியாத ஒருவர் செய்யும் உதவியை நினைத்துக்கொள்ளுங்கள். வேலு நாச்சியாரின் உருது, சிவகங்கையை மைசூரோடு கோத்த அப்படியொரு தூரத்து இணைப்பு. கோபால் நாயக்கரின் அடைக்கலம் நெருங்கிய இணைப்பு. இரண்டும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

20 ஆண்டுகள் கழித்து கோபால் நாயக்கரும் மருது சகோதரர்களும் மறுபடி சேர்ந்து திட்டம் போட்டபோது, 'இவனை நம்பலாமா' என்ற கேள்வி அவர்களுக்கு எழ வேண்டிய அவசியமே இல்லை.

1800 ஏப்ரல்: விருப்பாச்சியில் என்ன முடிவானது?

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆறே மாதத்தில் கம்பெனியின் இரண்டு எதிரிகள் காலி. மிச்சமிருந்தவர்களுக்குப் புரிந்தது: தனித்தனியாக நின்றால் அடுத்தது நாம்தான்.

1800 ஏப்ரலில் விருப்பாச்சியில் கூட்டம் நடந்தது. இந்தக் கூட்டமைப்பில் இருந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: சிவகங்கையின் மருது பாண்டியர், திண்டுக்கல்லின் கோபால் நாயக்கர், மலபாரின் கேரள வர்மா, மைசூர்ப் பகுதியின் கிருஷ்ணப்ப நாயக்கர், துந்தாஜி வாக். தமிழ், மலையாளம், கன்னடம், மராத்தி என மொழி வேறு, சாதி வேறு, மதம் வேறு. வரலாற்றாசிரியர் கே.ராஜய்யன் 1971-ல் வெளியிட்ட நூலில் இதைத் 'தென்னிந்தியப் புரட்சி' என்றும், முதல் சுதந்திரப் போர் என்றும் அழைத்தது இந்தப் பரப்பைப் பார்த்துத்தான்.

முதல் இலக்கு கோயம்புத்தூர். அங்கே இருந்த கம்பெனிப் படைமுகாமைத் தாக்குவது. குறித்த நாள் 1800 ஜூன் 3.

ஏன் அந்த நாள்? அன்று மொஹரம் பத்தாம் நாள். ஊரெல்லாம் கூட்டமாக இருக்கும், ஆள் நடமாட்டம் சந்தேகம் தராது. இன்னொரு வசதியும் இருந்தது. திண்டுக்கல்லில் இருந்தாலும் மைசூரில் இருந்தாலும் 'மொஹரம் அன்னிக்கு' என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே நாள்தான். நாளைச் சரிபார்க்கத் தனியாக ஆள் அனுப்பத் தேவையில்லை. இன்றைய கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளில் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்று தனி ஏற்பாடு செய்வார்கள். இவர்களுக்கு அந்த வேலையைப் பிறை பார்த்துக்கொண்டது.

ஆனாலும் திட்டம் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. தாக்குதலில் முக்கியப் பங்கு வகித்த முகமது ஹாஷம் தாராபுரத்தில் பிடிபட்டார். மற்றவர்களின் பெயர்களைச் சொல்லவைத்துவிடுவார்கள் என்பதால் அவர் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு இறந்ததாகச் சொல்லப்படுகிறது. கோவை, தாராபுரம், சத்தியமங்கலம் பகுதிகளில் பிடிபட்ட 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

'இரண்டு தளபதிகள்' புதிர்: ஜிபே-யில் நீங்கள் தினமும் பார்ப்பது

இங்கே கொஞ்சம் நின்று, கம்ப்யூட்டர் துறையின் ஒரு பழைய புதிரைப் பார்த்துவிடலாம்.

இரண்டு மலைகளில் இரண்டு படைகள். நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இரண்டு படையும் ஒரே நேரத்தில் தாக்கினால் வெற்றி. ஒன்று மட்டும் தாக்கினால் அழிவு. பேசிக்கொள்ள ஒரே வழி, பள்ளத்தாக்கு வழியாகத் தூதுவனை அனுப்புவது. அவன் பிடிபடலாம்.

முதல் தளபதி 'நாளை விடியற்காலை' என்று சேதி அனுப்புகிறார். போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. பதில் வர வேண்டும். இரண்டாமவர் 'சரி' என்று பதில் அனுப்புகிறார். அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று இப்போது இவருக்குத் தெரியாது. அதற்கொரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில்... இது முடியவே முடியாது.

எத்தனை தூதுவர்களை அனுப்பினாலும் நூறு சதவீத உறுதி கிடைக்காது என்பது கணிதமாகவே நிரூபிக்கப்பட்டது. எப்படி? 10 சேதியில் உறுதி கிடைத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சேதி வழியில் தொலைந்துபோகலாம், அப்போதும் திட்டம் நடக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பத்தாவது சேதி தேவையே இல்லை, 9 போதும். அதே வாதத்தில் 8 போதும், 7 போதும். இப்படியே போனால் ஒரு சேதியும் தேவையில்லை என்று வரும். சேதியே அனுப்பாமல் இருவரும் ஒத்துப்போவது எப்படி? ஆக, ஆரம்பத்தில் வைத்துக்கொண்டதே தவறு.

இந்தச் சிக்கலை 1975-ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூன்று ஆய்வாளர்கள் முதலில் எழுதினார்கள். 1978-ல் ஜிம் கிரே அதற்கு 'இரண்டு தளபதிகள்' என்ற பெயரைக் கொடுத்தார்.

இதை நீங்கள் டீக்கடையில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 'அண்ணே, பணம் கட் ஆயிடுச்சு.' 'எனக்கு இன்னும் வரலையே தம்பி.' உங்கள் பேங்க் சேதி அனுப்பிவிட்டது, மறுபக்கம் இருந்து 'கிடைத்தது' என்ற பதில் வரவில்லை. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதுதான் இரண்டு தளபதிகள் புதிர்.

நவீன நெட்வொர்க்குகள் இந்தப் புதிரைத் தீர்க்கவில்லை, அதோடு வாழக் கற்றுக்கொண்டன. குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு. இல்லையென்றால் ரத்துசெய், பணத்தைத் திருப்பிக்கொடு. அதாவது, தோற்றால் என்ன செய்வது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி.

1800-ல் பிரச்சினையே இதுதான். மொஹரம் என்ற நாள் 'எப்போது' என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. 'நீ இன்னும் வருகிறாயா? வழியில் மாட்டிக்கொண்டாயா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு முனை மாட்டிக்கொண்டால் மற்ற முனைகளுக்குச் சேதி போகவே பல நாள் ஆகும். அதற்குள் அடுத்த முனையை எதிரி நெருங்கியிருப்பான்.

ஒரே நாள் திட்டம், ஐந்தாண்டு வீழ்ச்சி

அடுத்து நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

• 1800 ஜூன்: கோவைத் திட்டம் முறியடிப்பு.

• 1800 செப்டம்பர் 10: வடக்கே துந்தாஜி வாக் கொல்லப்பட்டார். அவரைத் துரத்தியவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவர்தான்.

• 1801 பிப்ரவரி 2: பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மிகக் குறைந்த காலத்தில் மறுபடி எழுந்தது.

• 1801 மே 24: அந்தக் கோட்டை மீண்டும் வீழ்ந்தது. ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

• 1801: ஆனைமலைப் பகுதியில் விவசாயிகளின் ஆதரவோடு போராடிய கோபால் நாயக்கர் பிடிபட்டார். திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார்.

• 1801 அக்டோபர் 24: திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

• 1801 நவம்பர் 16: பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கு மரண தண்டனை.

• 1805 ஜூலை 31: கொங்கு நாட்டின் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

• 1805 நவம்பர் 30: மலபாரில் கேரள வர்மா பழசி ராஜா மரணம்.

ஒரே நாளில் எழ வேண்டியவர்கள் ஐந்தாண்டுகளில், ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தார்கள். வீரம் குறைந்ததால் இது நடக்கவில்லை. கம்பெனியால் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எதிர்கொள்ள முடிந்தது. அந்த வாய்ப்பு கிடைத்த அன்றே போரின் போக்கு மாறிவிட்டது.

கம்பெனியின் நெட்வொர்க் எப்படி இருந்தது?

போலந்தில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் பால் பாரன், அணுகுண்டு விழுந்தாலும் தகவல் தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது எப்படி என்று ஆராய்ந்தவர். 1964-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் நெட்வொர்க்குகளை மூன்று வகையாகப் பிரித்தார்.

முதல் வகை, எல்லாம் ஒரு மையத்தோடு இணைந்தது. சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. மையம் போனால் எல்லாம் போச்சு. இரண்டாவது, பல சிறு மையங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் ஊர்கள். ஒரு சிறு மையம் போனால் அந்த வட்டாரம் முழுக்க இருட்டு. மூன்றாவது, மீன்வலை மாதிரி. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்தில் உள்ள பல கண்ணிகளோடு இணைந்திருக்கும். ஒவ்வொரு முனைக்கும் 3, 4 இணைப்புகள் இருந்தாலே, பாதி அழிந்தாலும் மிச்சம் பேசிக்கொண்டே இருக்கும் என்றார் பாரன். இன்டர்நெட்டுக்கு அடிப்படையான யோசனைகளில் இதுவும் ஒன்று.

புரட்சிக்காரர்களுடையது இரண்டாவது வகை. விருப்பாச்சி ஒரு மையம், சிறுவயல் ஒரு மையம், மலபார் ஒன்று, மைசூர் ஒன்று. விருப்பாச்சி விழுந்ததும் திண்டுக்கல் வட்டாரப் பாளையங்களுக்கும் சிவகங்கைக்கும் இருந்த முக்கியமான கோடு அறுந்தது.

கம்பெனி, பார்ப்பதற்கு முதல் வகை மாதிரி. எல்லா உத்தரவும் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து. ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் கூடுதலாக இருந்தன.

ஒன்று, தபால். 1786-லேயே சென்னையில் பொதுத் தபால் அலுவலகம் தொடங்கிவிட்டது. கடிதம் போகிற வழியும் ஆளும் முன்கூட்டியே ஏற்பாடானவை.

இரண்டு, கடல். 1801-ல் வங்காளம், இலங்கை, மலேயா பகுதிகளிலிருந்தெல்லாம் படை வந்தது. பாளையக்காரர்கள் தரைப் பாதைகளை எவ்வளவு மறித்தாலும் கடலை மறிக்க முடியாது.

மூன்று, இதுதான் முக்கியம். கம்பெனியால் தோற்க முடிந்தது. 1801 மார்ச் 31-ல் மெக்காலே தலைமையில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய படை பலத்த இழப்போடு பின்வாங்கியது. உடனே திரும்பத் தாக்கவில்லை. கூடுதல் படைக்காகக் காத்திருந்து, அக்னியூ தலைமையில் மே மாதம் மறுபடி வந்தது. 'பதில் வரவில்லையா, மறுபடி அனுப்பு' என்ற வசதி அவர்களிடம் இருந்தது. ஒருமுறை தோற்ற பாளையக்காரருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். ஊமைத்துரை அப்படியொரு அபூர்வம்.

அப்போ, எட்டப்பன் மட்டும்தான் காரணமா?

தமிழில் 'எட்டப்பன்' என்றால் துரோகி. ஒரு பாளையக்காரரின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில். பிடித்து ஒப்படைத்தது அந்த அரசு. 1801-லும் புதுக்கோட்டை, எட்டயபுரம், தஞ்சாவூர் மூன்றும் கம்பெனியோடுதான் நின்றன.

ஏன் நின்றார்கள்? எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நெடுநாளாக எல்லைத் தகராறு. கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே பாளையங்களுக்குள் காவல் உரிமைக்கும் கிராமங்களுக்கும் சண்டை இருந்தது. பக்கத்துப் பாளையத்தைவிட தூரத்துக் கம்பெனி ஆபத்து குறைவானது என்று ஒருவர் கணக்குப் போட்டால், அதை நியாயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். பாளையக்காரர்களும் வரி வசூலித்த ஆட்சியாளர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நெட்வொர்க் கண்ணோட்டத்தில் புதுக்கோட்டையின் இடத்தைக் கவனியுங்கள். சிவகங்கைக்கும் திருச்சி, தஞ்சாவூருக்கும் நடுவில் அது இருக்கிறது. அந்த ஒரு அரசு எதிர்ப்பக்கம் நின்றதால் வடக்கே போகும் பாதைகள் அடைபட்டன. அது தனிமனித துரோகத்தைவிடப் பெரிய இழப்பு.

துரோகிக் கதையில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருத்தனைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் பல நூறு பேர் பங்கேற்கும் எந்தத் திட்டத்திலும் எங்கோ ஓரிடத்தில் சேதி கசியத்தான் செய்யும். ஒரு கசிவிலேயே மொத்தமும் சாய்ந்துவிடும் என்றால், கேட்க வேண்டிய கேள்வி 'யார் சொன்னது' என்பதோடு முடியக் கூடாது. 'ஏன் மாற்று வழி இல்லை' என்றும் கேட்க வேண்டும்.

சுவரில் ஒட்டிய சேதி

மாற்று வழியை யோசிக்கவே இல்லையா? யோசித்தார்கள்.

ஊமைத்துரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரால் பேச முடியாது. ஆனால் அவருடைய சைகை ஆட்களுக்கு உடனே புரியும். அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக்குறிப்புகளில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். ஊமைத்துரை சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் ஆங்கிலேயப் படை. பிறகு வாயால் ஒரு சத்தம் எழுப்பி, மறுகையால் அத்தனையையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுவார். தாக்குதலுக்கான சைகை அது. ஓலை இல்லை, எழுத்து இல்லை, பிடிபட்டாலும் எதிரி படிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று 1801 ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிவிப்பு. திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பட்டது. எல்லா சாதியினரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்து, ஐரோப்பியர்களை எதிர்க்கச் சொன்னது. கம்பெனிக்கு வேலை செய்யும் சிப்பாய்களையும் விட்டுவைக்கவில்லை. இதைக் கிழிப்பவர் பெரும் பாவத்துக்கு ஆளாவார் என்ற எச்சரிக்கையும் உண்டு. டெலீட் செய்யாமல் இருக்க அன்றைய ஏற்பாடு!

இதில் உள்ள மாற்றம் பெரியது. 1800-ல் ரகசியத் தூது, குறித்த நாள், தெரிந்த ஆட்கள். 1801-ல் திறந்த சேதி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒவ்வொருவரும் தன் ஊரில் தானே முடிவெடுக்கலாம். எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. பிரைவேட் குரூப்பில் பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் போஸ்ட் போட்ட தருணம் அது. மீன்வலை மாதிரியான நெட்வொர்க்கை நோக்கிய முதல் அடி என்றே சொல்லலாம்.

ஆனால் அப்போது கோவைத் திட்டம் முறிந்து ஓராண்டு ஆகியிருந்தது. துந்தாஜி இல்லை. பாஞ்சாலங்குறிச்சி மறுபடி வீழ்ந்திருந்தது. சேதி சரியானது, நேரம் போய்விட்டது.

அதன் பிறகு கம்பெனி என்ன செய்தது?

நெட்வொர்க் எவ்வளவு ஆபத்தானது என்று கம்பெனிக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அதனால் ஆட்களைத் தண்டித்ததோடு நிற்காமல் இணைப்புகளையே பிய்த்தது. 1801 ஜூலை 31-ல் கர்நாடக உடன்படிக்கை மூலம் தமிழகத்தின் நேரடி நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைகள் கலைக்கப்பட்டன. 73 பேர் கடல் கடந்து பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் சின்ன மருதுவின் மகன், சிறுவன் துரைசாமியும் ஒருவர்.

எரித்தாலும் ஒரு பொறி மிஞ்சும் என்பது மாதிரி, 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே சிப்பாய்கள் எழுந்தார்கள். அது தனிக் கதை.

பாடப்புத்தகத்தில் சில வரிகள்

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் திண்டுக்கல் கூட்டணி இருக்கிறது. பெயர்கள் இருக்கின்றன, 1801 என்ற ஆண்டு இருக்கிறது. 'கூட்டணியில் இடம்பெற்றவர்கள் யாவர்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதினால் மார்க் கிடைக்கும். விருப்பாச்சியில் கோபால் நாயக்கருக்கு மணிமண்டபமும் இருக்கிறது.

ஆனால் மணப்பாறையிலோ வடமதுரையிலோ அய்யலூரிலோ அந்தப் பாடத்தைப் படிக்கும் ஒரு மாணவிக்கு, தன் ஊர் அந்த வரைபடத்தில் எங்கே வருகிறது என்று யாராவது காட்டுகிறார்களா? ஒரு வெள்ளைத் தாள் போதும். மூன்று பாளையங்கள், நான்கு மையங்கள், கம்பெனியின் கோட்டைகள், நடுவில் புதுக்கோட்டை. கோடுகளைப் போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு முனையாக அழிக்கச் சொல்லுங்கள். எந்த முனையை அழித்தால் மற்றவர்களுக்குச் சேதி போகாமல் நிற்கிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். வரலாறு, புவியியல், கணிதம் மூன்றும் ஒரே பீரியடில் முடிந்துவிடும்.

அந்த மாணவி நாளைக்கு ஒரு ஐடி கம்பெனியில் சர்வர் பார்க்கலாம், ஒரு தொழிற்சங்கத்தில் ஆள் திரட்டலாம், வெள்ளம் வந்தால் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் படகு கேட்டுச் சேதி அனுப்பலாம். எங்கே போனாலும் அவளுக்கு உதவப்போவது அந்தத் தாளில் கற்றுக்கொண்ட ஒரு கேள்வி: 'இந்த ஒரு ஆள் வரலைன்னா, அடுத்து என்ன பண்றது?'

1800 ஜூன் 3-க்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருந்தால், கம்பெனி எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருந்திருக்கும்.